காந்தத் துகள் ரத்தத்தில் கலந்தால்

ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, இரும்பைக் காந்தம் இழுக்கும், ஆகவே காந்தம் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும். காந்த வளையல், காந்தப் பாய், காந்தம் பதித்த செருப்பு என்று விற்பவர்கள் சொல்லும் காரணம் இதுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். முதல் இரண்டு செய்திகளும் உண்மை. மூன்றாவதுதான் தவறு.

வளர்ந்த மனிதரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். அப்படியானால் ஒரே சிவப்பணுவுக்குள் நூறு கோடிக்கு மேற்பட்ட இரும்பணுக்கள். ஆனாலும் அவை தனித்தனியாக, புரதத்தின் மடிப்புகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி உட்கார்ந்திருக்கின்றன. ஆணியில் உள்ள இரும்பணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே திசையில் திரும்புவதால்தான் காந்தம் ஆணியை இழுக்கிறது. ரத்தத்தில் அந்தக் கூட்டுச்சேர்க்கை கிடையாது.

மைக்கேல் ஃபாரடே 1845இல் ரத்தத்தைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தபோது இழுவிசை எதையும் காணவில்லை. காரணம் 1936இல் தெரிந்தது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக இலேசாக விலக்குகிறது, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை மிக இலேசாக இழுக்கிறது என்று லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கொரியெலும் அளந்து காட்டினார்கள். பூமியின் காந்தப்புலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்கும்போதுகூட நம் ரத்தம் வழக்கம்போல ஓடுகிறது. அந்த வலிமைக்கு அசையாத ரத்தத்தைக் கையில் மாட்டும் வளையல் அசைக்கப்போவதில்லை.

ஆக, ரத்த அணு காந்தத்துக்கு வசப்பட வேண்டுமானால் வேறொன்று அதற்குள்ளோ அதன் மேலோ வந்து சேர வேண்டும். இயற்கையிலேயே அப்படி ஒன்று நடக்கிறது, மலேரியாவில். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. அதனால் அதைப் பழுப்பு நிறப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. ஹீமோசோயின் எனப்படும் அந்தப் படிகத்தைக் காந்தம் இழுக்கும். மலேரியா ஆய்வு செய்யும் கூடங்களில், காந்தத்துக்கிடையே பொருத்திய குழாய் வழியாக ரத்தத்தை விட்டு, நோயுற்ற அணுக்களை மட்டும் பிடித்து வைப்பது இன்று சாதாரண வேலை. தில்லியில் ஜனக்புரிக்கு அடுத்திருக்கும் துவாரகாவில்தான் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஜனக்புரியிலிருந்து இன்னொரு பக்கம், நகரின் நடுவை நோக்கிப் போனால் பூசா வருகிறது. அங்கே தேசிய இயற்பியல் ஆய்வகம் நிற்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது ராமனுடன் தோள்கொடுத்தவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்த பெரிய வேலை காந்தவியலில்தான். ஒரே படிகம் ஒரு திசையில் ஒருவிதமாகவும் இன்னொரு திசையில் வேறுவிதமாகவும் காந்தத்துக்கு வளைந்து கொடுப்பதை, மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு அது முறுக்கிக்கொள்ளும் அளவைக் கொண்டு நுட்பமாக அளந்தார். அந்த ஆய்வகத்தைப் பற்றி இந்தக் கட்டுரையின் முடிவில் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கிறது.

இனி துகளுக்கு வருவோம். மாக்னடைட், மாகெமைட் என்ற இரண்டும் இரும்பு ஆக்சைடுகள். இவற்றை 20 நானோமீட்டர் அளவுக்குக் கீழே நுணுக்கினால் ஒரு விசித்திரக் குணம் வருகிறது. காந்தம் அருகே இருக்கும்வரை துகள் வலுவாக இழுபடும்; காந்தத்தை எடுத்த கணமே தன் காந்தத்தன்மையை விட்டுவிடும். சாதாரணக் காந்தத்தூள் ரத்தத்தில் போனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி நுண்குழாய்களை அடைத்துவிடும். இந்தக் குணமுள்ள துகள் அப்படி எளிதில் கட்டியாவதில்லை. மருத்துவத்துக்கு இது பொருந்துவதற்கு அதுவே அடிப்படை. அளவைப் பாருங்கள்: ஒரு சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே 20 நானோமீட்டர் துகள்களை வரிசையாக வைத்தால் 350க்கு மேல் பிடிக்கும்.

இத்தகைய துகள்களைத் திரவத்தில் மிதக்கவிட்டுக் காந்தத் திரவம் செய்யும் வித்தை 1963இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஸ்டீவ் பாபெல் என்பவர் கையில் பிறந்தது. எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் நகர்த்தலாம் என்பது அவர் எண்ணம். இன்று கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் காந்தத் திரவங்களைப் பற்றி நீண்டகாலமாக ஆராய்கிறார்கள். மாறிமாறித் திரும்பும் காந்தப்புலத்தில் துகள்கள் சூடாவதைக் கொண்டு புற்றுக் கட்டியைச் சுட முடியுமா என்பது அங்கு எழும் கேள்விகளில் ஒன்று.

அந்தத் துகள் ரத்தத்துக்குள் இறங்கியதும் என்ன நடக்கிறது? முதல் சில விநாடிகளிலேயே அதன் உருவம் மாறிவிடுகிறது. பிளாஸ்மாவில் மிதக்கும் ஆல்புமின், ஃபைப்ரினோஜென், எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அதன் மேல் வந்து படிகின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்த துகள் ஒன்று. ரத்தத்தில் உலவும் துகள் வேறொன்று. சிவப்பணுவும் வெள்ளையணுவும் சந்திப்பது இந்தப் புரதப் போர்வையைத்தான். எந்தப் புரதம் எவ்வளவு படியும் என்பதைத் துகளின் அளவும் மின்னூட்டமும் அதன் மேல் ஏற்கெனவே பூசியிருக்கும் பூச்சும் தீர்மானிக்கின்றன. டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள், பாலிஎத்திலீன் கிளைகால் ஆகியவை வழக்கமான பூச்சுகள்.

பூச்சு இல்லாத வெறும் துகள் என்றால் கதை வேறு. சிவப்பணுவின் சவ்வின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் இருப்பதால் அது எதிர்மின் தன்மை கொண்டது. அந்த எதிர்மின் தன்மைதான் சிவப்பணுக்களை ஒன்றையொன்று விலக்கி, குழாயில் தாராளமாக ஓட வைக்கிறது. நேர்மின் தன்மை கொண்ட துகள் வந்தால் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. சவ்வு இழுபட்டு, சில இடங்களில் ஓட்டை விழலாம். துகளிலிருந்து கசியும் இரும்பு, உடலில் எப்போதும் சிறிது இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற தீவிர மூலக்கூறை உண்டாக்கும். 1894இல் ஃபென்டன் என்ற வேதியியலர் எழுதிய வினை இது. ஹைட்ராக்சில் எதைத் தொட்டாலும் அதைச் சிதைக்கும். சவ்வின் கொழுப்பு அதற்கு முதல் இரை. சவ்வு கிழிந்தால் ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கொட்டுகிறது. அது அதிகமானால் சிறுநீரகத்துக்குச் சுமை.

இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. நீர்த்த ரத்தத்தில் துகளைக் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் 3 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு சுழற்றி அணுக்களை அடியில் படிய விடுகிறார்கள். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் அணுக்கள் பிழைத்தன, சிவந்திருந்தால் உடைந்தன. எவ்வளவு சிவப்பு என்பதை 540 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். சிதைவு 2 சதவீதத்துக்குள் என்றால் ரத்தத்துக்கு இசைவானது, 5 சதவீதத்தைத் தாண்டினால் கேடு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இரும்புத் துகளில் இந்தச் சோதனை ஏமாற்றவும் கூடும். துகளே பழுப்பு நிறம், அதனால் நீரின் நிறத்தைக் கூட்டிக் காட்டும்; கொட்டிய ஹீமோகுளோபினைத் தன்மேல் ஒட்டவைத்துக் குறைத்தும் காட்டும். கவனமுள்ள ஆய்வாளர்கள் அளப்பதற்குமுன் காந்தம் வைத்துத் துகளை நீக்கிவிடுகிறார்கள்.

உடையாத அணு நலமான அணு என்றும் சொல்லிவிட முடியாது. சவ்வு பாதிக்கப்பட்ட சிவப்பணு வட்டத் தட்டு வடிவத்தை விட்டு முள்முள்ளாக மாறலாம், விறைக்கலாம். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயில் வளைந்து நெளிந்து நுழைவதே சிவப்பணுவின் வாழ்க்கை. விறைத்துப்போனதை மண்ணீரல் அடையாளம் கண்டு அகற்றிவிடும். 120 நாள் வாழ வேண்டியது முன்பே போய்விடும். தட்டணுக்களைச் சில துகள்கள் தூண்டிவிட்டு ஒன்றோடொன்று ஒட்ட வைக்கின்றன. சில துகள்கள் அப்படிச் செய்வதில்லை. வெள்ளையணுக்கள் துகளை அந்நியனாகப் பார்க்கின்றன. நம் நோயெதிர்ப்பில் நிரப்புப் புரதங்கள் என்றொரு கூட்டம் உண்டு. அவை துகளின்மேல் படிந்து, விழுங்கணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. சிலருக்கு இந்த எதிர்வினை அளவு மீறி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஃபெருமாக்சிடால் என்ற மருந்தின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. இது காந்தத்தன்மை கொண்ட இரும்பு ஆக்சைடு நானோ துகளேதான். சர்க்கரைப் பூச்சு போட்டது, சுமார் 17 முதல் 31 நானோமீட்டர் அளவுள்ளது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு ஊசிக்கு 510 மில்லிகிராம் இரும்பு. தொடக்கத்தில் அதை 17 விநாடிகளில் சிரையில் செலுத்திவிடலாம் என்று அனுமதித்தார்கள். பின்னர் கடும் ஒவ்வாமையால் சிலர் உயிரிழந்தார்கள். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் அட்டையில் சேர்த்தது. குறைந்தது 15 நிமிடம் டிரிப்ஸாக ஏற்ற வேண்டும், முடிந்தபின் 30 நிமிடம் நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்று விதி மாறியது. துகள் அதேதான், பூச்சும் அதேதான். ஆயினும் வேகத்தைக் குறைப்பதும் கண்காணிப்பதும் உயிர்காக்கும் நிபந்தனைகளாயின.

இந்த மருந்து கடைசியில் எங்கே போகிறது என்பது இந்த விஷயத்திலேயே மிக அழகான பகுதி. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள விழுங்கணுக்கள் துகளை விழுங்குகின்றன. அவற்றின் அமிலப் பைகளில் பூச்சு கரைகிறது, கரு கரைகிறது, இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பைப் புரதங்கள் சுமந்துகொண்டு மஜ்ஜைக்குப் போகின்றன. அங்கே அது புதிய ஹீமோகுளோபினாகிறது. நாள்தோறும் முதிர்ந்த சிவப்பணுக்களிலிருந்து 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டுத் தரும் அதே பாதைதான் இது. அந்நியனாக வந்த துகள் சில வாரங்களில் ரத்த அணுவாகவே மாறிவிடுகிறது. துகளின் கரு அப்படியே இருக்கும் காலத்தில் எம்.ஆர்.ஐ. படத்தை அது மாற்றிவிடும் என்பதால், மூன்று மாதம் வரை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சொல்ல வேண்டும் என்பது அந்த மருந்தின் விதி.

இந்தியாவுக்கு இது எட்டாத விஷயமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது; கர்ப்பிணிகளில் 52 சதவீதம். மாத்திரை ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிகளுக்கு நம் மருத்துவமனைகளில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸும் கார்பாக்சி மால்டோஸும் நானோ துகள்கள்தான். இரும்புக் கரு, மேலே சர்க்கரைப் போர்வை. அவற்றின் கருவில் காந்தத்தன்மை மிகக் குறைவு என்பதே வேறுபாடு. பழுப்பு நிற டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் பெண்களில் பெரும்பாலோருக்கு அது நானோ மருந்து என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருந்தால் டிரிப்ஸ் தொடங்குமுன் மருத்துவரிடம் கூற வேண்டும். முடிந்ததும் எழுந்து ஓடாமல், அரை மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். தாலசீமியா உள்ளவர்களுக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், சோகை என்றவுடனே இரும்பு ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து.

உடலுக்கு வெளியே எடுத்த ரத்தத்தில் காந்தத் துகள் இன்னும் துணிச்சலாக வேலை செய்கிறது. ஜெர்மனியின் ஸ்டெஃபான் மில்டெனி 1980களின் இறுதியில் உருவாக்கிய முறையில், குறிப்பிட்ட அணுவை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தைச் சுமார் 50 நானோமீட்டர் துகளில் கோத்து ரத்தத்தில் விடுகிறார்கள். காந்தக் குழாயில் அந்த அணு மட்டும் தங்கும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குத் தண்டணுக்களைப் பிரிப்பது இப்படித்தான். ரத்தத்தில் அலையும் புற்றணுக்களைப் பிடிக்க 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் சோதனை 7.5 மில்லி ரத்தத்தில் தேடுகிறது. பரவிய மார்பகப் புற்றில் அந்தச் சிறு ரத்தத்தில் ஐந்து புற்றணுக்கள் கிடைத்தாலே கவலைக்குரியது. எத்தனையோ கோடி அணுக்களுக்கு நடுவே ஐந்தைப் பொறுக்கும் வேலை இது. இந்தியாவில் புனேயின் ஆக்டோரியஸ் நிறுவனம் இதே நோக்கத்தில் ஆங்கோடிஸ்கவர் என்ற காந்தத் துகள் சோதனையை உருவாக்கியிருக்கிறது. நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2019இல் மத்திய அரசு வழிகாட்டி நெறிகளும் வெளியிட்டது.

மருந்தாக வரும் துகளுக்கு இப்படிப் பூச்சு உண்டு, அளவு உண்டு, சோதனை உண்டு, எச்சரிக்கை அட்டை உண்டு. மூச்சில் வரும் துகளுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது.

ஜனக்புரி ஒரு பக்கம் நஜஃப்கர் சாலைக்கும் இன்னொரு பக்கம் பங்கா சாலைக்கும் நடுவே கிடக்கிறது. இரண்டிலும் நாள் முழுக்க வாகனங்கள் நின்று நின்று நகர்கின்றன. ஒவ்வொரு முறை பிரேக் அழுத்தும்போதும் பிரேக்கின் பாகங்கள் உரசி, அந்தச் சூட்டில் மாக்னடைட் நானோ துகள்கள் உதிர்கின்றன. எஞ்சின் புகையிலும் அவை உண்டு. 2016இல் பிரிட்டனின் பார்பரா மாகெரும் குழுவினரும் மெக்சிகோ நகரத்தையும் மான்செஸ்டரையும் சேர்ந்த 37 பேரின் மூளைத் திசுக்களில் இத்தகைய துகள்களைக் கண்டார்கள். உடல் தானே செய்யும் மாக்னடைட் கோணங்கள் கொண்ட படிகமாக இருக்கும். இவை உருகிக் குளிர்ந்த உருண்டைகள், கூடவே உடலுக்குச் சம்பந்தமற்ற உலோகங்கள். 2017இல் எடின்பரோவில், தீங்கற்ற தங்க நானோ துகள்களைச் சுவாசித்த தன்னார்வலர்களின் ரத்தத்தில் ஒரே நாளுக்குள் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் உடலில் இருந்தது. நுரையீரலில் நுழையும் நானோ துகள் ரத்தத்தை எட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2022இன் இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் லண்டன் பாதாள ரயிலின் தூசியைக் காந்தவியல் முறைகளால் ஆராய்ந்து, அதில் 5 நானோமீட்டர் அளவு வரை நுணுகிய மாகெமைட் துகள்கள் நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். உடல்நலக் கேட்டை அந்த ஆய்வு அளக்கவில்லை. லண்டன் பாதாள ரயில் 1863இல் தொடங்கியது. அதன் சுரங்கங்களும் காற்றோட்டமும் பழையவை. 2018இல் ஜனக்புரி மேற்கு நிலையத்துக்கு நிலத்தடியில் வந்த தில்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தை அதோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. தில்லி மெட்ரோ வேகத்தைக் குறைக்கும்போது இயக்க ஆற்றலை மின்சாரமாக மீட்கும் பிரேக் முறையைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துகிறது. தேய்மானம் குறையும், உதிரும் இரும்பும் குறையும். சாலையில் ஓடும் லட்சக்கணக்கான வாகனங்களில் பெரும்பாலானவற்றில் அந்த முறை இல்லை.

எடையை வைத்துப் பார்த்தால் மூச்சில் வரும் இரும்பு அற்பம். பி.எம். 2.5 எனும் நுண்தூசியின் அளவு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமாக இருக்கும் காற்றில் ஒருவர் நாளெல்லாம் சுவாசிக்கும் மொத்தத் தூசியே ஒன்றரை மில்லிகிராம்தான் வரும். இரும்பு அதில் ஒரு சிறு பங்கு. ஒரே ஃபெருமாக்சிடால் ஊசியில் 510 மில்லிகிராம் இரும்பு. ஆனால் ஊசி இரண்டு முறை போட்டால் முடிந்தது. மூச்சு வாழ்நாள் முழுக்க. ஊசியின் துகளுக்குச் சர்க்கரைச் சட்டை; சாலைத் துகள் வெற்றுடம்போடு, ஈயமும் செம்பும் குரோமியமும் சுமந்து வருகிறது. அணுக்களைக் கிழிப்பது துகளின் மேற்பரப்பு என்பதை மேலே பார்த்தோம். அப்படியிருக்க, எடையை மட்டும் அளந்து காற்றின் தரத்தைச் சொல்வது போதாது. ஒரு பெரிய தூசியின் எடைக்கு ஈடாக லட்சக்கணக்கான நானோ துகள்கள் இருக்கலாம். எடையைக் காட்டும் பி.எம். 2.5 அளவீட்டில் அவை தெரியவே தெரியாது.

அளப்பது கடினமா என்றால், இல்லை. காந்தத் துகளின் அனுகூலமே அது காந்தத்துக்குப் பதில் சொல்வதுதான். சாலையோர மரத்தின் இலையில் படிந்த தூசியின் காந்தத்தன்மையை அளந்து, எந்தத் தெருவில் எவ்வளவு என்று வரைபடம் போடும் முறையை மாகெர் உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகக் கையாள்கிறார்கள். ஜனக்புரியில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. காற்று மாசை அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் பொறுப்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019இல் கொடுத்திருப்பது கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த அதே தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு. காந்தத்தை அளக்கும் அறிவும் காற்றை அளக்கும் அதிகாரமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளி ஜனக்புரியிலும் இருக்கிறது. இலை பறித்து, உறையிலிட்டு, தெருவின் பெயர் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவரால் முடிகிற வேலை. தில்லியின் கண்காணிப்பு நிலையங்களில் துகளின் எடையோடு எண்ணிக்கையையும் காந்தத்தன்மையையும் சேர்த்து அளந்து மக்களுக்கு வெளியிட வேண்டும். இதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தில்லி அரசிடமும் ஜனக்புரி மக்கள் எழுதிக் கேட்க வேண்டும்.